எட்டு கெஜமும் பதினாறு அவுன்ஸும்

அபர்டீனிலிருந்து தெற்கே அரை மணி நேரம் காரில் போனால் ஸ்டோன்ஹேவன். அதைத் தாண்டியதும், வட கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறையின் மேல் டன்னாட்டர் கோட்டை இடிந்து கிடக்கிறது. கல்யாணப் புகைப்படக்காரர்களுக்கு மிகவும் பிடித்த இடம். என் அலுவலக நண்பன் ஒரு ஜனவரி மாதம் திருமணம் செய்துகொண்டபோது எங்கள் எல்லோரையும் படம் எடுக்க அங்கேதான் அழைத்துப் போனார்கள். அன்றுதான் நான் வாழ்க்கையில் முதல் முறையாக, ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் உடுத்தும் மடிப்பு வைத்த பாவாடையான கில்ட்டை அணிந்திருந்தேன். வாடகைக்கு எடுத்தது. அந்தப் படங்களில் ஒன்றில்கூட என் கைகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு கை முன்பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை பின்பக்கத்தை. வயிற்று வலியோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நிற்கிறேன்.

அதே படங்களில் மணமகனின் தந்தையைப் பார்க்க வேண்டும். எழுபதைத் தாண்டியவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறார். காற்று அவருடைய முடியைக் கலைத்து, கழுத்து டையைத் தோளுக்கு மேல் தூக்கிப் போட்டிருக்கிறது. கில்ட் மட்டும் நிலைக்கு வந்த தேர் போல அசையாமல் இருக்கிறது. நான் பற்கள் கிடுகிடுக்க அவரிடம் போய், குளிரவில்லையா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் குனிந்து, என் கில்ட்டின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "இது எத்தனை அவுன்ஸ்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த விரல் அசைவு நன்றாகத் தெரிந்தது. ஈரோட்டில் என் அப்பா நாற்பது ஆண்டுகளாக ஜவுளிக் கடையில் உட்கார்ந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வேட்டியின் முனையை இரண்டு விரலால் தேய்த்து, நூல் எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவார். பெட்ரோலியக் குழாய்களுக்குச் சுவர்த் தடிமன் கணக்குப் போடும் வேலைக்கு நான் வந்துவிட்டதால் அந்த வித்தை என்னோடு நின்றுபோயிற்று. ஸ்காட்லாந்தின் ஒரு பாறை முனையில் முன்பின் தெரியாத ஒருவரின் விரல்களில் அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அடுத்த வாரமே அவுன்ஸ் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளப் புறப்பட்டேன்.

முதலில் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். வேட்டியில் நம்பர் கூடக் கூட நூல் மெலியும். 100-ஆம் நம்பர் வேட்டி 40-ஆம் நம்பர் வேட்டியைவிட மெல்லியது, விலையும் அதிகம். அந்தப் பழக்கத்தில் 16 அவுன்ஸ் என்பதை ஏதோ நயமான சன்னத் துணி என்று நினைத்தேன். அது சுத்தமாக எடைதான். ஒரு கெஜம் துணியை அறுத்துத் தராசில் வைத்தால் எத்தனை அவுன்ஸ் நிற்கிறதோ அதுவே அந்தத் துணியின் பெயர். கில்ட்டுக்கான துணி பொதுவாக 10 அல்லது 11 அவுன்ஸ், 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ் என்று மூன்று படிகளில் விற்பனைக்கு வருகிறது. அதற்கும் மேலே, 18 அவுன்ஸைத் தாண்டியது பட்டாளத் துணி. அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது புரியாமல் பலரும் பயந்து மெல்லிய துணியை வாங்கிவிடுகிறார்கள். இங்கே கெஜம் என்பது நீளத்தின் கெஜம். அகலம் தறியின் முழு அகலம், ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஜீன்ஸ் துணிக்கும் அவுன்ஸ் கணக்குச் சொல்வார்கள், ஆனால் அது சதுர கெஜத்துக்கு. ஆகவே 14 அவுன்ஸ் ஜீன்ஸ் அணிந்திருப்பவர், 16 அவுன்ஸ் கில்ட்டைப் பார்த்து இவ்வளவு கனமா என்று வாயைப் பிளப்பதில் அர்த்தமில்லை. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் கில்ட் துணி சுமார் 330 கிராம்தான். அந்த ஜீன்ஸ் 475 கிராம். கில்ட்டின் கனம் துணியில் இருப்பதைவிட, அந்தத் துணியை எத்தனை முறை மடித்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

முறையான கில்ட் ஒன்றை எட்டு கெஜக் கில்ட் என்பார்கள். என் அப்பத்தா கட்டிய ஒன்பது கெஜம் புடவையோடு ஒப்பிட்டு, ஒரு கெஜம்தான் குறைவு என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் எட்டு கெஜத்தையும் ஒரே நீளமாக வாங்குவதில்லை. ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் நான்கு கெஜம் வாங்கி, நீளவாக்கில் நடுவே கிழித்து, இரண்டு பாதிகளையும் முனையோடு முனை இணைத்தால் எட்டு கெஜம். அப்படியென்றால் எடைக் கணக்கு சுலபம். 16 அவுன்ஸ் துணியில் நான்கு கெஜம் 64 அவுன்ஸ், அதாவது 4 ராத்தல், 1.8 கிலோ. 13 அவுன்ஸில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 10 அவுன்ஸில் 1.1 கிலோ. இந்தியா போகும்போது பெட்டியை எடை போட வைத்திருக்கும் கைத்தராசு வீட்டில் இருந்தது. வாடகைக் கில்ட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதில் மாட்டினேன்: ஒரு கிலோவும் சில்லறையும். பிறகு நண்பன் வீட்டுக்குப் போய், அவனுடைய தந்தையின் அனுமதியோடு அவருடையதையும் மாட்டினேன். 2.2 கிலோ. அவர் இளைஞராக இருந்தபோது கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவில் பேக்பைப் வாசித்தவர். அப்போது பெற்ற கில்ட் அது. கிழவர் தராசின் எண்ணைப் பார்த்துத் தலையசைத்தார், மகனின் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பது போல.

இனி கதகதப்புக்கு வருவோம். கனமான துணி அதிகக் கதகதப்பு, மெல்லிய துணி குறைவு என்றுதான் எவரும் நினைப்பார்கள். பாதி சரி. கதகதப்பைத் தருவது துணிக்குள்ளும் துணிகளுக்கு இடையிலும் அசையாமல் அடைபட்டு நிற்கும் காற்று. கில்ட்டின் பின்புறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பின் பின்பக்கம் இருபது அங்குலம் என்று வைத்தால், அந்த இருபது அங்குலத்துக்குள் இருநூறு அங்குலத்துக்கும் அதிகமான துணியைக் கத்தி மடிப்புகளாக, அதாவது எல்லாம் ஒரே பக்கம் சாயும் மடிப்புகளாக, அடுக்கியிருக்கிறார்கள். சராசரியாகப் பத்து அடுக்கு. 10 அவுன்ஸாக இருந்தால் என்ன, 16 ஆக இருந்தால் என்ன, பத்து அடுக்குக் கம்பளிக்குப் பின்னால் யாருக்கும் குளிராது. டன்னாட்டரிலும் என் பின்பக்கம் குளிரவில்லை, அது பறந்துகொண்டிருந்த நேரங்களைத் தவிர.

முன்பக்கம் வேறு கதை. அங்கே மடிப்புகள் கிடையாது. வலமும் இடமுமாக ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு தட்டையான பகுதிகள் மட்டும். இரண்டே அடுக்கு. எதிர்க்காற்றில் நடக்கும்போது தொடையின் முன்புறத்தைக் காப்பது இந்த இரண்டு அடுக்குதான். எடை வித்தியாசம் உடம்பில் உறைப்பது இங்கேதான். மெல்லிய துணி தொடையோடு ஒட்டிக்கொண்டு, இடையில் இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிடுகிறது. கனத்த துணி தொங்கிக்கொண்டு, தொடைக்கும் தனக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் விட்டு நிற்கிறது. ஓரம் மேலே எழாதவரை அந்த இடத்தில் இருக்கும் சூடான காற்று அங்கேயே இருக்கும். எழுந்துவிட்டால் அடுப்பில் ஊதியது போல எல்லாம் போய்விடும். ஆக, எனக்குக் குளிரியதற்குக் காரணம் துணியின் மெல்லிய தன்மை என்பதைவிட அது ஓர் இடத்தில் நிற்காததுதான். கில்ட் துணியின் எடையை நான் இப்போது கம்பளிப் போர்வையின் கனமாக நினைப்பதில்லை. தூக்குக் குண்டின் கனமாகத்தான் நினைக்கிறேன்.

வெளியே தெரியும் முழங்கால்களுக்கு எந்த அவுன்ஸும் உதவாது. கில்ட் முழங்கால் சிப்பியின் நடுவரை வரும், கீழிருந்து ஏறும் கம்பளிக் காலுறை சிப்பிக்குக் கீழே மடங்கி நின்றுவிடும். நடுவில் நான்கு விரற்கடை தோல் ஸ்காட்லாந்துக்கு நேர்ந்துவிடப்பட்டது. உங்களிடம் இருக்கும் பணத்தில் கொஞ்சத்தை நல்ல தடித்த காலுறைக்கு ஒதுக்குங்கள் என்று மட்டும் சொல்வேன்.

நான் வாடகைக்கு எடுத்தது கம்பளியே அல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது. பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்தது, பெரும்பாலும் 65-க்கு 35 என்ற விகிதத்தில். இதை நான் கேலி செய்யப் போவதில்லை. மடிப்புகள் சூட்டில் படிய வைக்கப்பட்டவை, எளிதில் கலையாது. வீட்டு இயந்திரத்தில் துவைக்கலாம். பீர் கொட்டினால் அழ வேண்டாம். கம்பளி பட்டால் தோல் தடிக்கிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. விலை கம்பளிக் கில்ட்டின் விலையில் ஒரு பகுதிதான். ஆனால் கம்பளி செய்யும் ஒரு காரியத்தை அதனால் செய்ய முடியாது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. வாங்கும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடுகிறது. ஆடி வியர்த்துவிட்டு வாசலுக்கு வந்து குளிரில் நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

10, 11 அவுன்ஸ் கம்பளி உண்டு. நல்ல நூல், அழகான நிறம், கைக்குப் பட்டுப் போல. பெண்களின் பாவாடைக்கும் தோளில் போடும் பட்டைக்கும் குழந்தைகளுக்கும் அது பொருத்தம். ஆண்கள் அதில் எட்டு கெஜக் கில்ட் தைத்துக்கொள்வது வெயில் நாடுகளில் இருப்பவர்கள் செய்வது. அவர்களிடம் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு இருக்கிறது, பிறகு சொல்கிறேன். கில்ட்டுக்குள் என்ன அணிவது என்று எல்லோரும் கேட்கும் கேள்விக்கு 10 அவுன்ஸ்காரர்கள் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. காற்று சொல்லிவிடும்.

13 அவுன்ஸ் நடுநிலைமை. தயாரிப்பாளர்களின் மாதிரிப் புத்தகங்களில் டார்ட்டன் எனப்படும் கில்ட் துணிக் கட்டங்களில் அதிக வடிவங்கள் கிடைப்பதும் இந்த எடையில்தான். நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் லேசாகச் சுருங்கும், தொங்கவிட்டால் காலைக்குள் சரியாகிவிடும். 16 அவுன்ஸ்தான் தையல்காரர்களின் செல்லம். அதைப் பற்றி அபர்டீனில் ஒரு மாடி அறையில் தனியாக உட்கார்ந்து கில்ட் தைக்கும் ஓர் அம்மாள் எனக்கு ஒரு மதிய நேரம் முழுக்கப் பாடம் எடுத்தார்.

அவர் முதலில் செய்தது, மூன்று எடைகளிலும் ஒரே டார்ட்டனின் மாதிரித் துண்டுகளை என் முன் வைத்து, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் கசக்கி விடச் சொன்னது. 10 அவுன்ஸ் கசங்கியபடியே கிடந்தது. 13 யோசித்து யோசித்துப் பிரிந்தது. 16 கையைத் திறந்ததுமே துள்ளி விரிந்தது. சாய்கோடாகத் தெரியும் ட்வில் நெசவில், சீவி முறுக்கிய வோர்ஸ்டட் நூலை நெருக்கமாக ஓட்டும்போது துணிக்கு இப்படியொரு விறைப்பு வருகிறது. நூல் எவ்வளவு தடித்ததோ அவ்வளவு. பிறகு அவர் அளவு நாடாவை எடுத்தார். நான் கவனிக்காத ஒன்றைக் காட்டினார். மூன்றிலும் கட்டங்கள் ஒன்றுதான், நூல் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆனால் 16 அவுன்ஸில் கட்டம் பெரிதாக இருந்தது. டார்ட்டன் என்பது பாவிலும் ஊடையிலும் இத்தனை நூல் பச்சை, இத்தனை நூல் ஊதா என்ற கணக்கு. அதே கணக்கைத் தடித்த நூலில் நெய்தால் கட்டம் அகலமாகும்.

அதனால் என்ன என்று கேட்டேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது என்றார். கில்ட்டின் பின்புறத்தைத் தள்ளி நின்று பார்த்தால் மடிப்புகள் இருப்பதே தெரியாமல் கட்டம் முழுசாகத் தொடர்வது போலத் தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு முழுக் கட்டத்தை விழுங்க வைக்க வேண்டும். கட்டம் பெரிதானால் மடிப்பு ஆழமாகும். அதே எட்டு கெஜத்தில் மடிப்புகளின் எண்ணிக்கை குறையும். மெல்லிய துணியில் கட்டம் சிறியது, ஆகவே நிறைய மடிப்புகள், ஒவ்வொன்றும் ஆழமில்லாதவை. ஆழமில்லாத மடிப்பு சீக்கிரம் வாய் திறக்கும். அதாவது மெல்லிய துணிக்கு இரட்டைத் தண்டனை. படையினருக்கு வேறு முறை. அவர்கள் கட்டத்தைத் தொடர விடாமல் ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பார்கள். கார்டன் ஹைலேண்டர்ஸ் கில்ட்டில் அவர்களுடைய டார்ட்டனின் மஞ்சள் கோடு பின்னால் வரிசையாக நிற்கும். அவர்கள் 1853 வாக்கில், இரண்டு பக்கமும் மடியும் அகலமான பெட்டி மடிப்பைக் கைவிட்டுக் கத்தி மடிப்புக்கு மாறினார்கள். அதற்கு முன்பு, 1790-களில் தைத்த கில்ட்டுகளுக்கு நான்கு கெஜம் போதுமானதாக இருந்தது. மடிப்பு மெலிந்ததும் துணி வளர்ந்து எட்டு கெஜமாயிற்று. ஆகவே எடையைப் பற்றி ஒரு எண் சொன்னால் எத்தனை கெஜம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். 16 அவுன்ஸில் தைத்த ஐந்து கெஜக் கில்ட், 10 அவுன்ஸில் தைத்த எட்டு கெஜத்தின் அதே எடைதான். தொங்கும் அழகு மட்டும் வேறு.

உள்ளே எவ்வளவு வேலை இருக்கிறது என்பதையும் அன்றுதான் பார்த்தேன். இடுப்பிலிருந்து பிட்டத்தின் அகலமான இடம் வரை ஒவ்வொரு மடிப்பையும் கையால் தைத்து மூடுகிறார். அங்கே உள்பக்கம் சேரும் துணித் திரளை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய இடம் இழுபடாமல் இருக்கக் கான்வாஸ் வைத்துத் தைத்து, மேலே பருத்தி உள்துணி. பத்து அடுக்கையும் அப்படியே இடுப்பில் விட்டால் மனிதர் பீப்பாய் போல ஆகிவிடுவார். வெயில் நாட்டுக்காரர்களிடம் எனக்குள்ள கருத்து வேறுபாடு இதுதான். கில்ட்டில் வேர்ப்பது தொடையிலோ காலிலோ அல்ல. அங்கே கீழிருந்து காற்று தாராளமாக வந்து போகிறது. வேர்ப்பது இடுப்பில், கான்வாஸும் உள்துணியும் சட்டையும் மூன்று தோல் பட்டைகளும் சேர்ந்து இறுக்கும் அந்த ஒரு சாண் இடத்தில். அந்த இடத்தில் 10 அவுன்ஸ் கில்ட்டுக்கும் கான்வாஸ் உண்டு, பட்டை உண்டு. துணியை மெலிய வைத்து அங்கே மிச்சப்படுவது கொஞ்சம். இழப்பது அந்தத் தொங்கலை. வெயிலுக்குப் பயந்தால் எடையைக் குறைப்பதற்குப் பதில் கெஜத்தைக் குறைக்கலாம், நான்கு ஐந்து கெஜத்தில் தைக்கலாம். என் அபிப்பிராயம் இது. எல்லாத் தையல்காரர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கனம் என்றால் எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. முதல் உலகப் போரில் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள் கில்ட்டோடுதான் பதுங்குகுழிக்குள் இறங்கின. தென்னாப்பிரிக்கப் போர்க் காலத்திலேயே நிறம் தெரியாமலிருக்கக் காக்கித் துணி ஒன்றைக் கில்ட்டின் மேல் கட்டிவிட்டார்கள். ஆனால் சேற்றுக்கு யாராலும் காக்கி கட்ட முடியவில்லை. மடிப்புகள் தண்ணீரையும் சேற்றையும் குடித்துக் கனத்தன. இரவில் உறைந்த ஓரம் நடக்கும்போது முழங்காலின் பின்புறத்தை வாள் போல அறுத்தது. மடிப்புகளின் கதகதப்பில் பேன்கள் குடும்பம் நடத்தின. தோலைப் பொசுக்கும் கடுகு வாயு என்ற நச்சு வாயு வந்த பிறகு திறந்த முழங்கால்கள் என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தோடு கில்ட் போர்க்களத்திலிருந்து விலக்கப்பட்டது. மணமகனின் தந்தை அணிந்திருந்தது அந்தப் பரம்பரையின் அணிவகுப்பு வாரிசுதான். ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சொரசொரவென்று தேங்காய் நார் ஞாபகம் வந்தது. முதல் பத்து ஆண்டுகள் முழங்கால் சிவந்துதான் இருந்தது என்றார், பிறகு இருவரும் பழகிக்கொண்டார்களாம்.

அதற்கும் முன்னே போனால், தைத்த கில்ட் வருவதற்கு முன், ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்டின் மக்கள் உடுத்தியது இடுப்பில் கச்சையால் கட்டித் தோளில் எறிந்துகொள்ளும் பெரிய போர்வை. பகலில் உடை, இரவில் படுக்கை. 1730 வாக்கில் இன்வர்னெஸ்ஸில் இருந்த எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கிலேயர் தன் கடிதங்களில் ஒரு வழக்கத்தை விவரித்திருக்கிறார். குளிர்ந்த உலர்காற்று வீசும் இரவில் மலையில் தங்க நேர்ந்தால், அந்த மனிதர்கள் போர்வையை ஓடையில் நனைத்து, உடம்பில் சுற்றிக்கொண்டு, காற்று மறைவில் படுத்துக்கொள்வார்களாம். நனைந்த துணி தடித்து இறுகிக் காற்றை உள்ளே விடாது, உடம்புச் சூட்டில் கொதிக்கும் கெண்டி போல ஆவி பறக்கும். படித்ததும் எனக்கு நடுக்கம் எடுத்தது. ஆனால் குளிரைவிடக் காற்றுதான் எதிரி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டன்னாட்டரில் நின்ற எனக்கு அதை மறுக்க வாயில்லை.

நான் தைத்துக்கொண்டது 16 அவுன்ஸ், எட்டு கெஜம். பல டார்ட்டன்கள் ஸ்காட்லாந்துக் குலங்களின் பெயரில் இருப்பவை. எனக்கு அங்கே குலமும் இல்லை கோத்திரமும் இல்லை, ஆகவே ஓர் இடத்தின் பெயரில் உள்ளதை எடுத்தேன். ஸ்கை தீவின் பெயரால் 1992-இல் வடிவமைக்கப்பட்ட ஊதாவும் பச்சையும் கலந்தது. என் மனைவியும் நானும் அங்கே நான்கு நாள் மழையில் நடந்திருக்கிறோம், அந்த உரிமை போதும் என்று முடிவு செய்தேன். 13-ஆ 16-ஆ என்று இரண்டு வாரம் தூங்காமல் புரண்டேன். கடைசியில் முடிவு செய்தது கசக்கிவிட்டதும் துள்ளிய அந்தத் துண்டுதான்.

இரண்டு ஆண்டுகளில் அதை எல்லா விதத்திலும் சோதித்துவிட்டேன். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமாரில் நடக்கும் விளையாட்டுகளுக்கு, அபர்டீனிலிருந்து 201-ஆம் எண் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்து போனேன். உட்காரும் முன் பின்மடிப்புகளைக் கையால் ஒரு வழித்து வழித்துவிட வேண்டும், புடவை கட்டியவர்கள் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு உட்காருவது போல. வழிக்காமல் உட்கார்ந்தால் பத்து அடுக்கும் திரண்டு ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வழித்துவிட்டால் அதைவிடச் சுகமான மெத்தை அந்த பஸ்ஸில் யாருக்கும் இல்லை. இறங்கி நின்றபோது மடிப்புகள் தாமாகவே விழுந்து சீராயின. அன்று வெயில் இருபது டிகிரியைத் தொட்டது. இடுப்பில் சட்டை நனைந்துவிட்டது, முழங்காலுக்கு மேல் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

குளிரைவிட என்னை வாட்டியது நடனம். இவர்களுடைய கூட்டு நடனத்துக்குக் கேலி என்று பெயர். உச்சரிப்பு அப்படியே நம்முடைய கேலிதான். முதல் முறை ஆடியவன் என்ற முறையில் பெயர் பொருத்தம் என்று சாட்சி சொல்வேன். வேகமாகச் சுழலும்போது கனமான கில்ட் தன் சொந்த விசையில் சுழன்று, நீங்கள் நின்ற பிறகும் அரைச் சுற்று போய்த் திரும்பி வரும். பார்ப்பவர்களுக்கு அழகு. ஆடுபவருக்கு, இரண்டு கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவது என்பது இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த இரவு முழுக்க நான் 13 அவுன்ஸ்காரர்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வாராவாரம் ஆடுகிறவராக இருந்தால் 13-ஐ வாங்குங்கள். என் பேச்சைக் கேட்காதீர்கள்.

மழைதான் உண்மையான குறை. சாதாரணத் தூறலை 16 அவுன்ஸ் சட்டை செய்யாது, மேலே முத்து முத்தாக நிற்கும், உதறினால் போய்விடும். ஆனால் ஒரு நாள் மூன்று மணி நேரம் விடாமல் நனைந்தேன். வீட்டுக்கு வந்து கைத்தராசில் மாட்டினேன், மூன்று கிலோவைத் தாண்டியிருந்தது. சூடான ரேடியேட்டரின் மேல் போடக் கூடாது என்பது தையல்கார அம்மாளின் கட்டளை. மடிப்புகளை நீளமான தையலால் கட்டி, குளியலறைக் கம்பியில் இடுப்புப் பக்கம் மேலாக இரண்டு நாள் தொங்கவிட்டேன். வீடு முழுக்க நனைந்த ஆட்டின் வாசனை. மனைவி எதுவும் சொல்லவில்லை, ஜன்னல்களை மட்டும் திறந்து வைத்தாள். அபர்டீனில், நவம்பரில்.

சென்ற ஆண்டு ஜனவரியில் மறுபடியும் டன்னாட்டருக்குப் போனேன், இந்த முறை யாருடைய கல்யாணமும் இல்லை. நான்கு டிகிரி, கடலிலிருந்து நேராக அடிக்கும் காற்று. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். முன்பகுதி லேசாகப் படபடத்தது, எழவில்லை. முழங்கால் மட்டும் நீலம் பாரித்தது.

மே மாதம் அப்பா ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். வந்த இரண்டாம் நாள் அலமாரியிலிருந்து கில்ட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துணியின் முனையை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்தார். எதுவும் பேசவில்லை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஏன் கண்ணு, ஓரம் அடிக்காமல் விட்டுவிட்டார்களா?" என்று கேட்டார். கில்ட்டின் கீழ் ஓரத்தை மடித்துத் தைப்பதில்லை, தறியிலேயே விழும் கரைதான் ஓரம், தைத்தால் மடிப்பு சரியாக விழாது என்று சொன்னேன். நகத்தால் கரை நெடுகக் கீறிக்கொண்டே போனார், எட்டு கெஜத்தையும், மடிப்பு மடிப்பாக. எங்கேயாவது ஒரு நூல் துருத்திக்கொண்டிருக்கும் என்று நம்பியிருப்பார் போல. பிறகு கெஜம் என்ன விலை என்றார். சொன்னேன். தையல்கூலியைக் கேட்டார். அதையும் சொன்னேன். உதடுகள் அசைய ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார்.

அப்புறம் எழுந்து நின்று, கில்ட்டை இடுப்புப் பட்டையில் இரண்டு கையாலும் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஒரு உதறு உதறி நிறுத்தினார். மடிப்புகள் ஆடி ஆடி ஒவ்வொன்றாக வந்து தத்தம் இடத்தில் நின்றன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை உதறினார். நான் தேநீர் போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் உதறிக்கொண்டுதான் இருந்தார்.